போஸ்ட்கார்டின் பெயர் வந்த ஞாயிற்றுக்கிழமை

பெங்களூரில் பொறாமைக்காரர்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் தன் கையாலேயே ஊராரைப் பிரபலமாக்கிவிட்டு, அப்புறம் அதைப் பார்த்து வயிறெரிந்த மனிதர் ஒருவர்தான். அவர் எங்கள் ஜீவனஹள்ளி 'போஸ்ட்கார்டு'. தெருவே அவரைக் கூப்பிட்டது அப்படித்தான்.

மில்லில் ஃபிட்டர். நான் அதே மில்லில் டைம் ஆபீஸ் குமாஸ்தா, குடியிருந்தது அவருக்கு எதிர்வீடு. எங்கள் தெருவுக்கே அவர் வீட்டில்தான் ரேடியோ. அந்த ஐம்பதுகளில், கடல் தாண்டிச் சிற்றலையில் வரும் ஒரு நிலையம் ஞாயிறு காலையில் பத்து சினிமாப் பாட்டுகளை வரிசைப்படுத்திப் போடும். எந்தப் பாட்டுக்கு அதிகக் கார்டு வருகிறதோ அதற்கு முதலிடம். நிகழ்ச்சி நடத்தும் அம்மாள், கார்டு போட்ட நேயர்கள் சிலரின் பெயரைத் தேன் தடவிய குரலில் வாசிப்பார். அந்தக் குரல் தன் பெயரை ஒரே ஒரு முறை சொல்லிவிட வேண்டும் என்று போஸ்ட்கார்டுக்கு வெறி.

அவர் ஆதரித்தது ஒரு சோகப் பாட்டை. பக்கத்துக் காக்ஸ் டவுன் ரசிகர்கள் தூக்கிப் பிடித்தது ஒரு ஜட்கா வண்டிப் பாட்டை. சோகம் எட்டாவது இடத்தில் அழுதுகொண்டிருக்க, ஜட்கா முதலிடத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

"ஒரு ஆளு ஓட்டுல இன்னா சார் ஆவும்?" என்றவர், மறுநாளே ஒரு கட்டுக் கார்டோடு உட்கார்ந்துவிட்டார். முதல் கார்டு தன் பெயரில். மீதியெல்லாம் தெருக்காரர்கள் பெயரில். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பாட்டு மளமளவென்று மேலேறியது. பெயர்களும் வந்தன, அவர் பெயரைத் தவிர. முதலில் பால்கார முனியப்பா. மறுநாள் காலை போஸ்ட்கார்டு அவரிடம் பால் வாங்க மறுத்துவிட்டார்.

முனியப்பா என்னிடம் ஓடி வந்தார். "நங்கேனு கொத்தில்ல சாமி! எனக்கு ஒண்ணுமே தெரியாது. ரேடியோ பக்கமே நான் போறதில்ல!"

"பாட்டுன்னா இன்னான்னு தெரியாத ஆளு பேரை அந்தம்மா எம்மாம் ஜோரா சொல்லிச்சு, பாத்தியா சார்?" என்று போஸ்ட்கார்டு பொருமினார். "எழுதினது யாரு? நானு!"

உயிரோடு இருப்பவர்கள் தீர்ந்துபோனதும், போன வருஷம் காலமான கோடிவீட்டு நாயுடு பெயரில் ஒரு கார்டு போனது. அதையும் வாசித்துவிட்டார்கள். நாயுடுவின் மனைவி தெருவில் இறங்கிவிட்டார். "முப்பது வருஷம் என்கிட்ட முகங்குடுத்துப் பேசாத மனுசன், செத்தப்புறம் அந்தப் பொம்பளைக்கு லெட்டர் போடறாரா?"

அடுத்து என் பெயர். அந்த வாரம் முழுக்க மில் கேட்டில் எனக்கு ஒரே மரியாதை. "ரேடியோ ஸ்டார் வர்றாரு, வழி வுடுங்கப்பா!" போஸ்ட்கார்டு மட்டும் இதைச் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

அவர் பெயர் மட்டும் ஏன் வரவில்லை என்பது, அவர் தனக்காக எழுதும் கார்டைப் பார்த்தபோதுதான் புரிந்தது. அம்மாளின் குரலுக்கு வாழ்த்து, பாட்டுக்கு விமரிசனம், தன் பாட்டனார் கூத்தில் பாடிய வரலாறு எல்லாம் எறும்பு ஊர்ந்த மாதிரி எழுதி, ஓரமெல்லாம் நிரப்பியிருந்தார். பெயர் எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை.

"பேரையும் பாட்டையும் மட்டும் எழுதுங்களேன்" என்றேன்.

"அது மரியாதையா இருக்குமா சார்?"

அவருக்குத் தெரியாமல் நானே ஒரு கார்டில் அவர் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதிப் போட்டுவிட்டேன்.

அந்த ஞாயிறு பலத்த காற்று. ரேடியோ கரகரவென்று இரைந்தது. அவர் வீட்டில் தெருவே நெருக்கியடித்து உட்கார்ந்திருக்க, போஸ்ட்கார்டு ஓட்டின் மேல் ஏறி ஏரியல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"கேக்குதாப்பா?"

"நல்லாக் கேக்குது, அப்படியே நில்லு!"

முதலிடம், சோகப் பாட்டு! விரும்பிக் கேட்ட நேயர், ஜீவனஹள்ளி ஏகாம்பரம்!

"யாருப்பா அது ஏகாம்பரம்? புதுக் குடித்தனமா?" என்றார் முனியப்பா. அது போஸ்ட்கார்டின் பெயர் என்று அங்கே தெரிந்தது இரண்டே பேருக்கு. மில் ஆஜர்ப் பட்டியலில் பார்த்த எனக்கும், அவர் மனைவி சரோஜாவுக்கும்.

நான் வெளியே ஓடிக் கத்தினேன். அவர் சறுக்கி இறங்கி வருவதற்குள் பாட்டே முடிந்துவிட்டது.

"நெசமாவா சார்? எப்படிச் சொன்னாங்க? சொல்லிக் காட்டு!"

சொன்னேன். "சே, இது ஆஜர் கூப்பிடற மாதிரி கீது" என்றார். முனியப்பா சொன்னது மாட்டைக் கூப்பிடுவது போலிருந்தது. நாயுடு மனைவி சொன்னது சண்டைக்கு இழுப்பது போலிருந்தது. போஸ்ட்கார்டு கீழே உட்கார்ந்துவிட்டார். கண்ணில் நீர்.

"ஊரு பேரையெல்லாம் நான் கேட்டேன் சார். என் பேரை ஊரே கேட்டுச்சு. நான் கேக்கல."

சமையல்கட்டிலிருந்து சரோஜா வந்தார். கட்டினவன் பெயரைப் பெண்கள் வாயால் சொல்லாத காலம் அது. ஆஸ்பத்திரியில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவரைத்தான் சொல்லச் சொல்வார்கள். சரோஜா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். ரேடியோ அம்மாள் விட்ட அதே இடைவெளி விட்டு, அதே இழுப்போடு, மெதுவாகச் சொன்னார்.

"ஜீவனஹள்ளி... ஏகாம்பரம்."

சொல்லிவிட்டு உள்ளே ஓடிவிட்டார். போஸ்ட்கார்டு எங்களை ஒரு பார்வை பார்த்தார். நாங்கள் சத்தமில்லாமல் எழுந்து அவரவர் வீட்டுக்குப் போனோம்.

அதன்பின் அவர் கார்டே போடவில்லை. ஜட்கா மறுபடி முதலிடத்துக்கு வந்ததுகூட அவருக்கு உறைக்கவில்லை. பொறாமை முழுவதையும் என்னிடம் ஒப்படைத்துவிட்டார். என்னை என் வீட்டில் 'இந்தாங்க' என்று கூப்பிடும்போதெல்லாம் எதிர்வீட்டுப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொள்வேன்.

அவர் இப்போது எந்த ஊரில் இருக்கிறாரோ. எங்கே இருந்தாலும், அவரை யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டும்.