வெளியே நின்று கலர் கண்ணாடி காட்டுகிறவர்

உங்கள் சொந்தத்திலும் ஒருவர் இருப்பார், தேடிப் பாருங்கள். எதை எங்கே போய்ப் பார்க்கவேண்டும் என்று ஊருக்கே சொல்கிறவர். எங்கள் வகையறாவில் அந்தப் பதவி நந்தகுமாருக்கு. என் சின்ன மாமனாரின் மூத்த மருமகன்; அதனால் எனக்குச் சகலை. மறைக்க வழியில்லை.

விருத்தாசலத்துப் பீங்கான் கம்பெனியில் முப்பது வருஷம் பொம்மைக்கு மெருகு சரிபார்த்தவர். சென்னைக்கு லோடு ஏற்றிப் போன நாளில் பிடித்துக்கொண்ட விஷயம், பழைய சர்ச்சுகளின் கலர் கண்ணாடி ஜன்னல். எழும்பூரில் இறங்கினால் ஒன்று, கடற்கரைப் பக்கம் இரண்டு, எந்தப் பஸ், எந்த முக்கில் டீ நன்றாக இருக்கும், எல்லாம் மனப்பாடம். கல்யாணப் பந்தியில் சொல்வார். இழவு வீட்டில் பாடை கட்டி முடிப்பதற்குள் சொல்வார். நைனா முகம்மது கடைக்குப் பருப்பு வாங்கப் போய், ஏதோ பள்ளிவாசல் வளைவில் இருக்கும் பச்சைக் கண்ணாடியைப் பற்றிச் சொல்லிவிட்டு, பருப்பில்லாமல் திரும்பியவர். நாம் பார்த்ததில்லை என்றால் அந்த முகத்தில் வருமே ஒரு இரக்கம்!

இதைப் பத்து வருஷம் கேட்டவள் அவருடைய பெரியப்பா மகள் கமலம். கருவேப்பிலங்குறிச்சியில் வாழ்க்கைப்பட்டவள். சர்க்கரை வந்து ஒரு கண் போய்விட்டது. மறு கண்ணுக்குச் சென்னையில் ஆபரேஷன். உறுதி சொல்லமுடியாது என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். ஆபரேஷனுக்கு முதல் நாள் மத்தியானம் அவள் கேட்டது ஒன்றுதான்.

“அண்ணே, அந்தக் கண்ணாடிய ஒரு தடவ காட்டிடுங்க.”

கூட்டிப்போனார். நானும் போனேன். சர்ச்சுக்கு வெளியே வேப்பமரத்தடியில் எங்களை நிறுத்திச் சுவரை நோக்கிக் கையை நீட்டினார்.

அங்கே என்ன இருந்தது? கறுப்பு. தூசியும் ஈயப் பட்டையும் கம்பி வலையும். கமலம் கண்ணை இடுக்கிப் பார்த்தாள். இவரோ பொம்மையைப் புரட்டிப் பார்க்கிற அதே பார்வையோடு, மெருகு சரியாக ஏறவில்லை, சூளையில் சூடு போதவில்லை, வெள்ளைக்காரன் அவசரப்பட்டுவிட்டான் என்று விளக்கிக்கொண்டே போனார். பீங்கானுக்கு நிறம் வெளிப்பக்கம்தானே? முப்பது வருஷம் அதையே பார்த்த கண்.

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. ஐந்து மணிக்குக் கதவைச் சாத்துவோம் என்று வாட்ச்மேன் சொல்லிப் போனார். இவர் அடுத்த சர்ச்சுக்குப் பஸ் நம்பர் சொல்ல ஆரம்பித்தார்.

கமலம் செருப்பைக் கழற்றினாள். “நீங்க பேசிக்கினு இருங்கண்ணே. நான் உள்ள போயிட்டு வரேன்.”

கதவு சாத்தும்போதுதான் வந்தாள்.

“சீல மேலல்லாம் செவப்பும் நீலமும் விழுந்துதுண்ணே. கைய நீட்டுனேன், கையிலயும் விழுந்துது.” கொஞ்சம் நின்று சொன்னாள்: “நீங்க இத்தினி வருஷமா அதோட முதுகத்தான் பாத்திருக்கீங்க.”

சகலை ஒடுங்கிப்போனார். ஒரு டீ குடிக்கிற நேரம்தான்.

ஆபரேஷன் பாதிதான் பலித்தது. கமலத்துக்கு இப்போது ஆள் நடமாட்டம் தெரியும், நிறம் பிரியாது. கையைச் சில நேரம் நீட்டிப் பார்த்துக்கொள்கிறாள். சகலை? பந்திக்குப் பந்தி சொல்கிறார்: வெளியே நின்று பார்த்துப் பயனில்லை, உள்ளே போகவேண்டும், மேற்கு ஜன்னல், நாலரை மணி, தங்கச்சிக்கே நான்தான் காட்டினேன். அவர் இன்னும் உள்ளே போகவில்லை.

சிரிக்கிறீர்களா? அன்றைக்கு நானும் மரத்தடியில்தான் நின்றேன், தலையாட்டிக்கொண்டு. நாளைக்கு யாரிடமாவது மேற்கு ஜன்னல், நாலரை மணி என்று நீங்கள் எடுத்துவிடும்போது, ஒரு நிமிஷம் குனிந்து பாருங்கள். செருப்பு காலிலேயே இருக்கும்.