காபித்தூள் பாட்டிலும் கருப்பசாமியும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தப்பு என் மேல் இல்லை, பாட்டில் மேல். காபித்தூள் என்று லேபிள் ஒட்டிய பாட்டிலில் காபித்தூள் இருக்கும் என்று நம்புவது முட்டாள்தனம் என்றால், அந்த முட்டாள்தனத்தை நான் இன்றைக்கும் விடுவதாக இல்லை.

என் மனைவி செல்வி ஒத்தக்கடையில் பள்ளி ஆசிரியை. கல்யாணமான ஆறாவது வருடம் அவளுக்குத் திருச்சியில் பத்து நாள் பயிற்சி வந்தது. அதை முடித்தால்தான் மேல் வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கலாம். ரொம்ப நாள் காத்திருந்து கிடைத்தது. அவனியாபுரத்திலிருந்து என் மாமியார் போன் போட்டார்.

"மாப்ள பட்டினியா கெடப்பாரு. நீ ஒண்ணும் போக வேணாம்டி."

செல்வியின் முகம் வாடியதைப் பார்த்ததும் எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. (அதுவரை நான் வெந்நீர் வைத்துக்கூட யாரும் பார்த்ததில்லை.) போனைப் பிடுங்கினேன்.

"ஞாயித்துக்கெழம வாங்க அத்தை. நானே கறிக்கொழம்பு வச்சுத் தாரேன். நல்லா இருந்தா செல்வி போவா."

"சரி மாப்ள. ஆனா அவ அடுப்படிப் பக்கம் வரக்கூடாது."

ஞாயிற்றுக்கிழமை அத்தையும் செல்வியும் ஹாலில் உட்கார்ந்திருந்தார்கள். முந்தின நாளே சாணை பிடித்து வைத்த கத்தியோடு நான் அடுப்படியில். கறி குக்கரில் வெந்துவிட்டது. சின்ன வெங்காயத்தில் கண் கலங்கி, நாலாவது வெங்காயத்துக்குப் பதிலாக இடது ஆள்காட்டி விரலை நறுக்கினேன். சின்ன வெட்டுதான். ஆனால் வாடிவாசலில் மாடு குத்தியவனைப் போல நான் ஆடிப்போய்விட்டேன்.

கத்தினால் செல்வி ஓடிவருவாள். வந்தால் பயிற்சி போச்சு. பல்லைக் கடித்துக்கொண்டேன். வெட்டுக்காயத்துக்குக் காபித்தூளை வைத்து அமுக்குவது எங்கள் வீட்டு வைத்தியம். கைக்கெட்டிய தூரத்தில் காபித்தூள் பாட்டில் இருந்தது. பழுப்பு நிறத் தூளை ஒரு குத்து அள்ளி வைத்து அமுக்கினேன்.

(நம் வீடுகளில் பிஸ்கட் டப்பாவில் ஊசி நூல் இருக்கும், சத்துமாவு டப்பாவில் புளி இருக்கும். ஊருக்கே தெரிந்த விஷயம். ஆறு வருடமாக அடுப்படியை எட்டிப் பார்க்காதவனுக்கு எப்படித் தெரியும்?) அந்த பாட்டிலில் இருந்தது கறிமசால் பொடி. மிளகாயும் மிளகும் தாராளமாகப் போட்டு வறுத்து அரைத்தது.

"கருப்பா!"

அழகர்கோவில் பதினெட்டாம்படிக் கருப்பசாமி எங்கள் குலசாமி. வலித்தால் வாயில் வருவது அவர் பெயர்தான். வலது கையில் கத்தி, இடது கையில் ரத்தம், அடுப்படி முழுக்கக் குதித்தேன்.

ஓடிவந்த அத்தை நிலைப்படியிலேயே நின்று கை கூப்பினார். "ஏ செல்வி, மாப்ளைக்குச் சாமி வந்துருச்சுடி! துன்னூறு எடு! சாமி, நாங்க என்ன கொற வச்சோம்?"

வலியில் உயிர் போனது. ஆனாலும் வந்த வாய்ப்பை விடுவேனா? நாக்கைத் துருத்திக்கொண்டு உறுமினேன். "மகளத் திருச்சிக்கு அனுப்பு!"

அத்தை என் விரலைப் பார்த்தார். திறந்து கிடந்த பாட்டிலைப் பார்த்தார். கூப்பிய கை மெதுவாக இறங்கியது.

"சரி சாமி, போயிட்டு வரட்டும். ஆனா கொழம்ப எறக்கி வச்சுட்டுத்தான் நீங்க மலையேறணும். மொதல்ல வெரலக் கழுவுங்க, அது கறிமசாலு."

செல்வி சிரித்துச் சிரித்துச் சுவரில் சாய்ந்துவிட்டாள். உதவிக்கு வந்தவளை நானே விரட்டினேன். விரலில் துணிக்கட்டு, அதன் மேல் பாலித்தீன் பை. பாதி வெங்காயம் தோலோடு போனது, உப்பும் தூக்கல். ஆனாலும் அத்தை இரண்டு தரம் ஊற்றிச் சாப்பிட்டார். திங்கட்கிழமை காலையில் செல்வி பஸ் ஏறினாள். எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. (அந்தப் பத்து நாளில் ஏழு நாள் தயிர்சாதம். அது சமையல் இல்லை என்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை.)

இப்போது எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைக் குழம்பு என் பொறுப்பு. பாட்டிலில் அதே லேபிள், உள்ளே அதே மசால்பொடி. அத்தை வந்தால், எத்தனை விருந்தாளிகள் இருந்தாலும், டம்ளரோடு என் முன்னால் வந்து நின்று கேட்பார்.

"மாப்ள, காபி வாய்க்கா, வெரலுக்கா?"

நான் தழும்பு விழுந்த விரல் எல்லோருக்கும் தெரியும்படி கையை நீட்டி டம்ளரை வாங்கிக்கொள்கிறேன்.