கதிர் இறக்கும் சாமி

திருத்தணிக்கு வருகிறவர்கள் முன்பெல்லாம் முடியை இறக்கிவிட்டுப் போனார்கள். இப்போது கதிரையும் இறக்கிவிட்டுத்தான் ஊர் திரும்புகிறார்கள்.

பைபாஸ் ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே கதிரொளிச் சித்தர். தைராய்டுக்கு ஊசி போட்டு ஸ்கேன் எடுத்தவர்களின் கழுத்தில் அணுக்கதிர் குடியேறிவிடுகிறதாம். டாக்டர்களுக்கு ஏற்றத்தான் தெரியுமாம், இறக்கத் தெரிந்தவர் உலகத்திலேயே இவர் ஒருவர்தானாம். யார் சொன்னது என்று கேட்காதீர்கள், அவரேதான் சொன்னார். அரக்கோணம் ரயிலில் பாதிப் பேர், திருப்பதி பஸ்ஸில் மீதிப் பேர் என்று கூட்டம் அலைமோதியது. கழுத்து வீங்கியவர்கள் வந்தார்கள், வீங்காதவர்கள் வந்தார்கள், பக்கத்து வீட்டுக்காரிக்கு வீங்கியதைப் பார்த்துப் பயந்தவர்களும் வந்தார்கள்.

சித்தர் முதலில் ஆஸ்பத்திரி பில்லைத்தான் கேட்பார். அதில் ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு கோடு நம்பர், அதாவது குறியீட்டு எண், இருக்கும். தைராய்டைப் படம் மட்டும் எடுத்தால் ஒரு நம்பர். அது எவ்வளவு மருந்தை உறிஞ்சுகிறது என்றும் சேர்த்து அளந்தால் வேறு நம்பர். இன்சூரன்ஸ்காரர்கள் வசதிக்காக வைத்தது. சித்தரோ அதைத் தோஷ நம்பர் என்றார். முதலாவதற்கு ஒற்றைத் தோஷம், இரண்டாவதற்கு இரட்டைத் தோஷம். காணிக்கையும் அதேபோல. நம்பரைப் பார்த்ததும் சின்ன வேல் ஒன்றால் தொண்டையைத் தொடுவார். வேலிலிருந்து ஒரு வயர் பெட்டிக்குப் போகும். பெட்டி 'கர்ர்ர்' என்று கத்தும். கூட்டம் அரோகரா போடும்.

உள்ளூர் நெசவுக்காரர் வீட்டு மருமகள் பானுப்ரியாவின் கழுத்திலும் பெட்டி கத்தியது. இரட்டைத் தோஷம். ஒரு மண்டலம் குழந்தையைத் தொடக்கூடாது என்று உத்தரவாகிவிட்டது.

குழந்தைக்குப் பத்து மாதம். பால்குடி மறக்காத குழந்தை அரக்கோணத்தில் நாத்தனார் சந்திரா வீட்டில் புட்டிப்பாலுக்கு அழுதுகொண்டிருந்தது. இங்கே இவளுக்குப் பால் கட்டி, மாராப்பு நனைந்து, நெஞ்சு கல்லாய்க் கனத்தது. பெற்றவளை ஒரு பெட்டி கத்தியதற்காகப் பிரித்து வைத்தால் வயிறு எரியாதா?

ஸ்கேன் எடுத்த இடத்தில் அவர்கள் சொன்னது ஒரே ஒரு நாள். "இன்னிக்கு மட்டும் கொழந்தைய தள்ளி வையிங்க, பாலை பீச்சி ஊத்திடுங்க, நாளைக்கு ஒண்ணும் இருக்காது" என்றார்கள். வீட்டில் அதை நம்ப ஆள் இல்லை. மாமனார் துளசிங்கம் பரம்பரை நெசவுக்காரர். தறியும் சாயமும் தவிர வேறு உலகம் அறியாதவர்.

"சேலைல ஏத்துன சாயமே ஒரு தண்ணில போவாது. ஒடம்புல ஏத்துன கதிரு ஒரே நாள்ல போயிடுமா?" என்றார்.

"அது சாயம் இல்ல மாமா. தானா அணைஞ்சி போற நெருப்பு."

"அவங்க சொல்லுவாங்கம்மா. கொழந்த நம்மளுதாச்சே!"

கெட்ட மனிதர் இல்லை, பேத்தி மேல் உயிர். அந்த உயிரைத்தான் சித்தர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார். புருஷன் சுதாகர் அப்பாவுக்கும் தலையாட்டினான், பெண்டாட்டிக்கும் தலையாட்டினான். அவன் கழுத்தில்தான் ஏதோ கோளாறு.

பானுப்ரியாவை ஒரு கேள்வி மட்டும் அரித்துக்கொண்டே இருந்தது. கதிரைப் பெட்டியே கண்டுபிடிக்கும் என்றால், பில்லு எதற்கு?

அந்த வாரமே அடுத்த தெரு சுசித்ராவுக்குச் சென்னையில் அதே ஸ்கேன். பானுப்ரியா அவளிடம் போய், "ஸ்கேன் முடிஞ்சதும் நேரா கொட்டாய்க்கு வா. கவரை மட்டும் வெளியில காட்டாத. புள்ளத்தாச்சி, கொழந்தைங்க பக்கம் போவாம ஒதுங்கி நில்லு" என்றாள்.

"இன்னாக்கா பண்ணப் போற?"

"ஒண்ணும் இல்ல. சாமிக்கு ஒரு பரீட்சை."

சுசித்ராவுக்கு ஸ்கேன் எடுத்த அன்று சாயங்காலம் துளசிங்கம் மருமகளை மறுபடியும் கதிர் இறக்கக் கூட்டிப்போனார். கொட்டகை வாசலில் பானுப்ரியா ஆஸ்பத்திரி கவரை அவர் கையில் கொடுத்தாள். "கொஞ்சம் புடிச்சிகினு முன்னால போங்க மாமா, செருப்ப விட்டுட்டு வரேன்" என்றாள். செருப்பைக் கழற்றி விட அவளுக்கு அத்தனை நேரம் ஆகும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? வரிசை நகர்ந்தது. துளசிங்கம் சித்தர் முன்னால் போய் நின்றார்.

சித்தர் கவரைப் பிடுங்கிப் பில்லை உருவினார். அவருக்கு நம்பர் மட்டும்தான் படிக்கத் தெரியும். பேர் பானுப்ரியாவா பரமசிவமா என்று யார் பார்த்தார்கள்? வேல் துளசிங்கத்தின் தொண்டையைத் தொட்டது. பெட்டி அலறியது.

"இரட்டைத் தோஷம்! வீட்டில் குழந்தை இருக்குதா?"

"ஆங், பேத்தி கீது சாமி, ஆனா..."

"தொட்டுடாதே! மூச்சுக் காத்துகூடப் படக்கூடாது!"

துளசிங்கம் ஓரடி பின்வாங்கினார். "சாமி, நான் ஸ்கேனே எடுக்கலியே! ஊசின்னாலே எனக்குப் பயம். இது என் மருமவ பில்லு!"

அரோகரா பாதியில் நின்றது. ஆனால் சித்தர் அசரவில்லை. "மருமகள் கதிர் உன்மேல் தாவிவிட்டது" என்றார். இப்படி ஒரு பதில் தயாராக இல்லாவிட்டால் அவர் சித்தராகவே ஆகியிருக்க முடியாது.

"தாவறதெல்லாம் கரெக்டா புடிக்குதா சாமி உங்க மிஷினு?" பானுப்ரியா முன்னால் வந்தாள். "அப்ப ஓரமா நிக்குதே அந்தப் பொண்ணு, அதுக்கும் பாருங்க."

சுசித்ரா கையில் ஒரு காய்கறிப் பை. கவரும் இல்லை, பில்லும் இல்லை. சித்தர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வேலை நீட்டினார். பெட்டி கப்சிப்.

"சுத்தமான கழுத்து. தோஷமே கிடையாது."

சுசித்ரா பையைக் கவிழ்த்தாள். முருங்கைக்காய்க்கு அடியிலிருந்து அன்றைய தேதி போட்ட ஸ்கேன் கவர் விழுந்தது. "காலைலதான் ஊசி போட்டாங்க. இங்க கீற அத்தினி பேர்லயும் இப்ப கழுத்துல கதிரு இருக்கறது எனக்கு மட்டுந்தான். நாளைக்குப் போயிடும்."

பானுப்ரியா பேசிக்கொண்டிருக்கவில்லை. சித்தர் காலடியில் தொங்கிய காவித் துணியைச் சட்டென்று இழுத்தாள். உள்ளே ஒரு பெடல், அதன்மேல் சித்தரின் கட்டைவிரல். பதற்றத்தில் அதை எடுக்க மறந்து மிதித்தார் போலிருக்கிறது. வேல் யார் கழுத்திலும் படாமலே பெட்டி ஓவென்று கத்தியது.

"டேய், இவன் மைக் செட்டு ராஜகோபாலுடா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அதற்குப் பிறகு சித்தர் கொட்டகைத் தகரத்தைப் பிய்த்துக்கொண்டு ஓடிய வேகத்துக்கு எந்த ஆஸ்பத்திரியும் இன்னும் கோடு நம்பர் கண்டுபிடிக்கவில்லை.

துளசிங்கம் தொண்டையைத் தடவிக்கொண்டே நின்றார். பேத்தியைத் தொடாதே என்று கேட்ட ஒரு நிமிஷத்துக்கே அவருக்குக் கண் கலங்கிப்போயிருந்தது. மருமகள் அதைப் பன்னிரண்டு நாளாகத் தாங்கியிருக்கிறாள்.

"கெளம்புமா, ரயிலப் புடிக்கலாம். கொழந்த பசியில இருக்கும்" என்றார்.

இருவரும் வெளியே வந்தபோது கூட்டத்தில் ஒருவர் பானுப்ரியாவை மறித்தார். "ஏம்மா, பக்கத்துல நகரி ஊர்ல ஒரு சாமி கீறாராமே, அவரு மிஷினு நெஜமாலுமே கத்துமாமே?"

பானுப்ரியா அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"கண்டவனுக்கெல்லாம் கழுத்தக் காட்டறீங்களே, அதுக்கு மேல இருக்கறத ஒரு நாளாவது நீங்களே தட்டிப் பாருங்கய்யா. சத்தம் வருதான்னு!"