ஒரே நிமிஷம், பாத்துக்கறீங்களா?

போனவள் போனவள்தான். "ஒரே நிமிஷம் சார், இந்தப் பையைக் கொஞ்சம் பாத்துக்கறீங்களா?" என்று கேட்டுவிட்டு, அவர் வாயைத் திறப்பதற்குள் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு கண்ணாடிக் கதவைத் தள்ளி வெளியேறிய அந்தப் பெண்ணின் நிமிஷம் முடிகிற வழியாகத் தெரியவில்லை. பை மட்டும் எதிர் நாற்காலியில் சட்டமாக உட்கார்ந்திருந்தது.

பழுப்பு நிறத் தோல் பை. நல்ல கனம். வெளியே பேரும் இல்லை, ஊரும் இல்லை.

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அந்தக் காபிக் கடையில் கடிகாரத்துக்குக்கூட எண்கள் கிடையாது. வெறும் இரண்டு முள். அது ஃபேஷனாம். குத்துமதிப்பாகப் பார்த்ததில், பதினொரு மணி இன்டர்வியூவுக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. ஆபீஸ் இதே கட்டடத்தில், மேலே நாலாவது மாடியில். லிஃப்ட் ரிப்பேர் என்று வாசலிலேயே எழுதிப் போட்டிருந்தார்கள். ஏறுவதற்கும் மூச்சு வாங்குவதற்கும் தனியாக நேரம் ஒதுக்க வேண்டும்.

பழைய கம்பெனியில் அவர் ஸ்டோர் கீப்பராக இருந்தார். அவருடைய சொந்தப் பேர் அங்கே பாதிப் பேருக்குத் தெரியாது. 'பொறுப்பு' என்றுதான் கூப்பிடுவார்கள். ஒருத்தருடைய வண்டிச் சாவி, இன்னொருத்தருடைய சனிக்கிழமை டியூட்டி, மூன்றாமவர் பாதியில் விட்ட ரிப்போர்ட், எல்லாம் அவர் தலையில்தான் வந்து விடியும். கடைசியில் கம்பெனி ஆள் குறைத்தபோது, "இவருக்குன்னு தனியா என்ன வேலை?" என்று முதலாளி கேட்டார். யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. அவருக்கே தெரியவில்லை.

அதனால்தான் இன்று காலை மனைவி அவரை வாசலில் நிறுத்திப் பாடம் எடுத்தாள்.

"இன்னைக்கு ஒரு நாள் மட்டும், யாரு எதைக் கேட்டாலும் முடியாதுன்னு சொல்லணும். எங்க, சொல்லுங்க பாப்போம்."

"முடியாது."

"அதுல உயிரே இல்ல. இன்னொரு தடவை."

"முடியாது."

"பரவால்ல. சீக்கிரம் போய்ச் சேர்ந்துட்டா ரிசப்ஷன்ல காத்துக் கிடக்காதீங்க, அலையற மாதிரி இருக்கும். கீழ ஏதோ காபிக் கடை இருக்காமே, அங்க கவுரவமா உக்காந்துட்டு நேரத்துக்குப் போங்க. இந்த வேலையும் கிடைக்கலன்னா நான் உங்க அக்கா வீட்டுக்காரர்கிட்ட கேக்க வேண்டியிருக்கும். அவர் கடையில நீங்க நின்னா எப்படி இருக்கும்னு நெனச்சுப் பாருங்க."

அவர் நினைத்துப் பார்த்தார். வேகமாகக் கிளம்பிவிட்டார்.

கவுரவமாக உட்காருவது அந்தக் கடையில் அவ்வளவு சுலபமாக இல்லை. ஒரு நாற்காலியைப் போல இன்னொரு நாற்காலி கிடையாது. சுவரில் பூச்சு இல்லை, செங்கல் தெரிந்தது. தண்ணீர்க் குழாய்கள் தலைக்கு மேலே பகிரங்கமாக ஓடின. இதே நிலைமையில் வீடு இருந்ததற்காகத்தான் அவர் போன வருஷம் வீட்டுக்காரரோடு சண்டை போட்டு வேறு வீடு பார்த்தார். பலகையில் எழுதியிருந்த காபிப் பெயர்கள் ஒன்றும் வாயில் நுழையாமல், விரலால் ஒன்றைக் காட்டி வாங்கியிருந்தார். பிடி இல்லாத கோப்பையில், பாலில் ஓர் இலைப் படம் போட்டு வந்தது. கலைக்க மனசு வராமல் ஓரமாகவே குடித்தார்.

இப்போது இலையும் இல்லை, காபியும் இல்லை. பை இருக்கிறது.

இரண்டடியில் இருந்த கவுன்டருக்குப் பையைத் தூக்கிக்கொண்டு போனார். தாடியும் கொண்டையுமாக நின்றிருந்த கடைக்காரர் சிரித்தார்.

"தம்பி, ஒரு பொண்ணு இந்தப் பையை விட்டுட்டுப் போயிருக்கா. கொஞ்சம் உள்ள வெச்சுக்கிட்டீங்கன்னா நல்லா இருக்கும்."

கடைக்காரர் சிரிப்பைக் குறைக்காமல் சுவரைக் காட்டினார். 'உங்கள் பொருள்களுக்கு நாங்கள் பொறுப்பல்ல' என்று கொட்டை எழுத்தில் எழுதி, பக்கத்தில் ஒரு பூவும் வரைந்திருந்தது.

"எழுதினதே நான்தான் சார். நானே மீறினா நல்லா இருக்காது. அப்புறம், காலி கோப்பையோட உக்காந்தா டேபிளை அடுத்தவங்களுக்குக் குடுத்துடுவோம். இன்னொரு காபி சொல்லட்டுமா?"

டேபிள் போனால், திரும்பி வருகிற பெண் எங்கே தேடுவாள்? அவர் இன்னொரு காபி சொன்னார். மனைவி பழக்கிவிட்ட சொல் தொண்டை வரைக்கும் வந்து அங்கேயே நின்றுவிட்டது.

அடுத்து மனிதர்களிடம் முயன்றார். மூலையில், சுவரோடு ஒட்டி, காது இரண்டையும் அடைக்கிற பெரிய ஹெட்ஃபோனோடு ஒரு குண்டு மனிதர் லேப்டாப்பைத் தட்டிக்கொண்டிருந்தார். அவர் முன்னால் போய் நின்று பையைக் காட்டி, உதட்டை அசைத்தார். குண்டு மனிதர் நிமிராமலேயே உள்ளங்கையைக் காட்டினார். சாமியார் ஆசீர்வாதம் பண்ணுவது போல இருந்தது. வேண்டாம் என்றுதான் அர்த்தம்.

கழுத்து வலிக்குப் பட்டை போட்டு உட்கார்ந்திருந்த இன்னொருவர் தானாகவே கையை நீட்டினார்.

"குடுங்க, நான் பாத்துக்கறேன். எவ்வளவு நேரம் வேணும்னாலும் போய்ட்டு வாங்க. அவசரமே இல்ல. வரலைன்னாலும் பரவால்ல."

அந்தக் கடைசி வார்த்தை அவருக்குப் பிடிக்கவில்லை. பையை மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தார்.

பையைத் திறந்து ஏதாவது நம்பர் இருக்கிறதா என்று பார்த்திருக்கலாம். ஆனால் அடுத்தவர் பையைத் திறக்கிற வழக்கம் அவர் பரம்பரையிலேயே இல்லை. கையோடு நாலாவது மாடிக்குத் தூக்கிக்கொண்டு போகலாம். அந்த நேரம் பார்த்து அந்தப் பெண் வந்தால், திருட்டுப் பழி. வேலைக்குப் போன இடத்தில் போலீஸ் வந்தால் வேலை கிடைக்காது என்கிற அளவுக்கு அவருக்கு உலக அனுபவம் இருந்தது.

ஆபீசுக்கே ஃபோன் போட்டார். ரிசப்ஷனில் ஒரு பெண் எடுத்தாள்.

"அம்மா, நான் இன்டர்வியூவுக்கு வர வேண்டிய ஆள். கீழயேதான் இருக்கேன். ஒரு சின்னச் சிக்கல். அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்."

"சீக்கிரம் வாங்க சார். இன்னைக்கு உங்க ஒருத்தரைத்தான் பாக்கப் போறாரு. பெரிய சாருக்கு வெளிய வேற போகணும். உங்களை முடிச்சுட்டு ஒரேயடியா இறங்கிடலாம்னு உக்காந்திருக்காரு. முட்டி வலி அவருக்கு, மாடி ரெண்டு தடவை ஏறி இறங்க முடியாது."

"பாவம். அஞ்சே நிமிஷம்."

அதற்குள் இரண்டாவது காபி தன் வேலையைக் காட்டத் தொடங்கியது. கொஞ்ச நேரம் காலைப் பின்னிக்கொண்டு பார்த்தார். முடியவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் நடந்தார்.

"ஹலோ, நில்லுங்க. அது அந்தப் பொண்ணோட பை. எங்க தூக்கிட்டுப் போறீங்க?"

குழந்தை வண்டியும் ஒரு சின்னப் பையனுமாக உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள். கடையே திரும்பியது.

"பாத்ரூமுக்கு."

"பையையா?"

"என்னையும்தான்."

அங்கேயே நின்று, கால் மாற்றி கால் மாற்றி, நடந்ததெல்லாம் விளக்கினார். ஒரு முன்பின் தெரியாத பெண்ணின் பைக்காக இன்டர்வியூவையே விட்டுவிட்டு இருக்கிறார் என்று கேட்டதும் அந்த அம்மாள் முகம் இளகிவிட்டது. "இந்தக் காலத்துல இப்படி ஒரு மனுஷனா" என்று நாலு டேபிளுக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள். அதுதான் வினையாகப் போயிற்று.

பாத்ரூமிலிருந்து அவர் திரும்பியபோது டேபிளில் ஒரு ஹெல்மெட் இருந்தது.

"பக்கத்துலதான் சார், மருந்துக் கடை வரைக்கும்" என்று ஓடிக்கொண்டே ஒருவன் சொன்னான்.

அப்புறம் ஒரு தம்பதி, பாதி சாப்பிட்ட கேக்கை வைத்துவிட்டு, "ஈ மொய்க்காம பாத்துக்குங்க" என்று வெளியே புகைப்படம் எடுக்கப் போனார்கள். கழுத்துப் பட்டைக்காரர் தன்னுடைய லேப்டாப்பையே கொண்டுவந்து வைத்தார். "நீங்க எனக்குக் குடுக்கலைன்னாலும் நான் உங்களை நம்பறேன்" என்றார், கொஞ்சம் மனவருத்தத்தோடு. ஒரு பாட்டுக்காரன் கிடாரைச் சாய்த்து வைத்தான். ஒரு முதியவர் நாயைக் கூட்டிவந்து மேஜைக் காலில் கட்டினார். கடைசியாக அந்த அம்மாள், குழந்தையை வண்டியோடு தள்ளிக்கொண்டு வந்தாள்.

"பெரியவன் சட்டையெல்லாம் ஜூஸைக் கொட்டிக்கிட்டான். கழுவிட்டு வந்துடறேன். இவ தூங்கிட்டா, தொந்தரவே பண்ண மாட்டா."

அவர் மனசுக்குள் மனைவியை நினைத்துக்கொண்டு மூச்சை இழுத்தார். "மு..." என்றார்.

"ரொம்ப நன்றிங்க" என்று அவள் போய்விட்டாள்.

தொந்தரவே பண்ணாத குழந்தை உடனே விழித்துக்கொண்டது. அவரைப் பார்த்தது. அவருடைய ஒரு விரலைப் பிடித்துக்கொண்டு விட மறுத்தது. விடுவித்தால் அழுதது. மற்றக் கையால் அவர் கேக்கை மறைத்தார், நாய்க்குக் கேக்கின் மேல் ஏற்கெனவே ஒரு கண். கண்ணை மூடித் திறப்பதற்குள் நாய் பாய, மேஜை ஆட, மிச்சமிருந்த காபி கவிழ்ந்து, இன்டர்வியூவுக்கென்று மனைவி தேய்த்துக் கொடுத்த வெள்ளைச் சட்டையில் பெரிதாக ஒரு கறை படிந்தது. அது இலை வடிவத்தில்கூட இல்லை.

ஃபோன் அடித்தது. மனைவி.

"உள்ள போயிட்டீங்களா?"

"ம். உள்ளதான் இருக்கேன்." அது பொய் இல்லை. காபிக் கடைக்கும் உள் என்று ஒன்று இருக்கிறது.

குழந்தை வீல் என்று கத்தியது.

"அது என்ன குழந்தைச் சத்தம்?"

"மேனேஜரம்மா குழந்தையோட வந்திருக்காங்க."

நாய் குரைத்தது.

"நாய்?"

"செக்யூரிட்டி ரொம்ப பலம்."

பல வருஷம் கூட வாழ்ந்தவள் அதற்கு மேல் சுற்றி வளைக்கவில்லை.

"யாரோ எதையோ பாத்துக்கச் சொல்லிட்டாங்க. அப்படித்தானே?"

"பைதான்... ஒரே ஒரு பை. ஆரம்பத்துல."

"உங்க அக்கா வீட்டுக்காரருக்கு நான் ஃபோன் பண்றேன்" என்று அவள் வைத்துவிட்டாள்.

அவர் மறுபடியும் ஆபீசுக்குப் பேசினார். ரிசப்ஷன் பெண்ணின் குரல் இப்போது தேய்ந்திருந்தது.

"சார், நீங்க அஞ்சு நிமிஷம் அஞ்சு நிமிஷம்னு சொல்றதை நம்பித்தான் பெரிய சார் எழுந்திருக்காம உக்காந்திருக்காரு. வரலைன்னு சொல்லியிருந்தா எப்பவோ இறங்கிப் போயிருப்பாரு. கால்ல வெந்நீர் ஊத்தின மாதிரி தவிக்கிறாரு. கீழ போக வேண்டிய வேலை அவசரமாம். கடைசியா ஒரு பத்து நிமிஷம் பாப்பேன்னாரு. அதோட சரி."

"வந்துடறேம்மா. சத்தியமா வந்துடறேன்."

நல்லவேளையாக ஒவ்வொருத்தராக வந்து அவரவர் உடைமையை எடுத்துக்கொண்டு போனார்கள். ஹெல்மெட் போயிற்று, லேப்டாப் போயிற்று, கிடார் போயிற்று. நாய் தின்ற கேக்குக்கு அந்த முதியவர் தம்பதியிடம் மன்னிப்புக் கேட்டார். அந்த அம்மாள் குழந்தையை வாங்கிக்கொண்டு, கறையைப் பார்த்து, ஈரத் துணியால் அழுத்தித் துடைத்து அதை இரண்டு மடங்கு பெரிதாக்கிவிட்டுப் போனாள். கடைசியில் பழையபடி அவரும் அந்தப் பையும்தான் மிச்சம்.

வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டார். யார் பையாக இருந்தாலும் எக்கேடு கெட்டுப் போகட்டும், இதோ மாடி ஏறுகிறேன் என்று பையைப் பார்த்து மனசுக்குள் சொன்னார். கதவு வரைக்கும் போனார். திரும்பிப் பார்த்தார். அநாதையாக உட்கார்ந்திருந்தது பை. காலை எடுத்து வெளியே வைக்க முடியாமல் நின்றார்.

அந்த நேரம் கதவு திறந்தது. அந்தப் பெண்.

"கவுன்டர்ல சார்ஜரை விட்டுட்டுப் போயிட்டேன்" என்று சொல்லிக்கொண்டே வந்தவள் அவரைப் பார்த்து நின்றாள். "அட, நீங்க இன்னும் போகலையா?"

"உங்க பை. எடுத்துக்கங்கம்மா. நான் மேல போகணும். என் வேலையே இதுல தொங்குது."

"எந்தப் பை?"

"அந்தப் பைதான். நீங்க பாத்துக்கச் சொன்ன பை."

"ஐயோ, அது என்னோடது இல்லைங்க. என்னையும் ஒருத்தர் பாத்துக்கச் சொன்னாரு. அவர் எடுத்துட்டுப் போயிருப்பாருன்னு நெனச்சேன்." அவள் மூலையைக் காட்டினாள். "அதோ, அவர்தான். இந்த டேபிள்ல பிளக் பாயின்ட் இல்லன்னு அங்க மாறிப் போயிட்டாரு."

ஹெட்ஃபோன்காரர். காலையிலிருந்து நாலு எட்டுத் தள்ளி உட்கார்ந்துகொண்டு, ஆசீர்வாதம் பண்ணி அனுப்பிய மனிதர்.

அவர் பையைத் தூக்கிக்கொண்டு போய் லேப்டாப்பின் மேலேயே வைத்தார். குண்டு மனிதர் திடுக்கிட்டு, ஹெட்ஃபோனை ஒரு காதிலிருந்து மட்டும் விலக்கினார். பையைப் பார்த்தார். சட்டைக் கறையைப் பார்த்தார். எல்லாம் புரிந்தது போலத் தலையாட்டினார்.

"என்னோடது இல்ல சார். முட்டி வலியோட ஒரு பெரியவர் வெச்சுட்டுப் போனாரு. லிஃப்ட் ஓடலையாம், இதைத் தூக்கிட்டு நாலு மாடி ஏற முடியாதுன்னாரு. மேல யாரோ இன்டர்வியூவுக்கு வர்றாங்களாம், அந்த ஆளைப் பாத்த உடனே இறங்கி வந்து எடுத்துக்கறேன்னு சொன்னாரு." ஹெட்ஃபோனை மறுபடி காதில் பொருத்திக்கொண்டே சொன்னார்: "அந்த ஆளு இன்னும் வந்து சேரல போலிருக்கு."