ஏழு மணி பஸ்ஸில் இரண்டாம் பாகம்

"பறக்கத் தெரிஞ்சவன் எதுக்குங்க லிஃப்ட்ல போறான்?"

"அது அவனோட அடக்கமுங்க."

"அடக்கமா? லிஃப்ட்டுக்குள்ள நாலு பேரு நிக்கறாங்க. இவன் ரெக்கைய விரிச்சுட்டு நிக்கறான். மொதப் பாகத்துல ஜம்முனு ஜன்னல் வழியாப் போனவனுங்க."

"ஜன்னல ஒடச்சுப்போட்டுப் போனானுங்க. இதுல ஒரு கண்ணாடிகூட ஒடயல. பக்குவப்பட்டுட்டான்."

"ரெண்டு பேரும் கொஞ்சம் இருங்க. டிரைவரண்ணன் என்ன சொல்றாருன்னு கேப்போம்."

உடுமலையிலிருந்து கோவைக்குப் போகும் ஏழு மணி தனியார் பஸ் அப்போதுதான் பொள்ளாச்சியைத் தாண்டியிருந்தது. குறை சொன்னவர் தம்பிதுரை, தேங்காய் வியாபாரி. தாங்கிப் பேசியவன் வின்ஸ்டன், கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் பில் போடுகிறவன். நடுவில் புகுந்தது கண்டக்டர் மதன்குமார்.

டிரைவர் அரங்கசாமி சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் தீர்ப்புச் சொன்னார்.

"லிஃப்ட் நல்லாத்தானுங்க இருக்குது. கதவு தொறக்கறப்ப மணி அடிக்கறதுதான் கொஞ்சம் ஓவருங்க."

பஸ் முழுக்கத் தலையாட்டியது. அந்த மணியை அதுவரை ஒருவரும் கவனித்திருக்கவில்லை.

அரங்கசாமியின் ரசனையே அப்படித்தான். வில்லன் மூச்சு வாங்குவது நடிப்பாகத் தெரிகிறது என்பார். நாயகி அழும்போது மூக்கை உறிஞ்சுவதில் உண்மை இல்லை என்பார். கிராஃபிக்ஸைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேச மாட்டார். அற்ப விஷயங்களில் அவர் மனம் செல்வதில்லை என்று எல்லாரும் மரியாதையோடு நினைத்துக்கொண்டார்கள்.

அந்தப் பஸ்ஸில் இரண்டு மாதமாக அதே படம்தான். டிவியில் செருகிய பென்டிரைவ் உள்ளே சிக்கிக்கொண்டது. இழுத்தால் டிவியும் கூடவே வந்தது. ஏதோ ஒரு தேசத்துப் படத்தின் தமிழ் டப்பிங். பெயர் வரும் இடம் வெட்டுப்பட்டுப் போயிருந்ததால் போனில் தேடவும் வழியில்லை. அதற்கு முன் ஓடிய முதல் பாகம் ஈச்சனாரியிலேயே முடிந்துவிடும். இரண்டாம் பாகம் நீளம். நாயகன் நகரத்துக்கு மேலே வந்து நிற்பான். வலப்பக்கம் ஊர் தீப்பற்றி எரியும். இடப்பக்கம் மணிக்கூண்டு முள்ளில் அவன் மனைவி தொங்குவாள். அவன் அந்தப் பக்கம் ஒருமுறை, இந்தப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்ப்பான். அதற்குள் கடைசி நிறுத்தமான உக்கடம் வந்துவிடும்.

ஆட்களை இறக்கிவிட்டு மதன்குமார் டீ குடிக்கப் போய்விடுவான். அரங்கசாமி காலி வண்டியை டீசல் போட ஓட்டிப்போவார். முடிவு அந்த வழியில்தான் ஓடும். ஆகவே முடிவு தெரிந்த ஒரே மனிதர் அவர். ஆனால் அதை அவரிடம் கேட்கக் கூடாது என்று பஸ்ஸில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. "அது சாப்பிட்டவன் வாயில இருந்து எடுத்துத் திங்கற மாதிரிங்க" என்று தம்பிதுரை சொல்லியிருந்தார்.

வின்ஸ்டனுக்கு அந்த முடிவு அவசரமாகத் தேவைப்பட்டது. காரணம் முன்சீட்டு ஷைலா. கோவையில் பள்ளிக்கூட டீச்சர். இரு வீட்டாரும் கல்யாணம் பேசி முடித்து, அவள் சம்மதத்துக்காக மட்டும் காத்திருந்தார்கள்.

"மொதப் பாகத்துல பொண்டாட்டியப் பாலத்துல தொங்க உட்டுப்போட்டு ஊரக் காப்பாத்தப் போயிட்டான். அவளா ஏறி வந்தா" என்றாள் ஷைலா. "அவனப் போயி அப்பவே மகான்னு சொல்லிட்டீங்க."

"ஊரு பெருசில்லீங்களா?"

"ஊருக்கு ஊரே இருக்குது. அவளுக்கு யாருங்க இருக்கா?"

வின்ஸ்டன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"இந்தப் பாகத்துல அவளக் காப்பாத்தினா அவன் திருந்திட்டான்னு ஒத்துக்கறேன், நீங்களும் தப்பிச்சீங்க. இல்லைன்னா என்னால முடியாதுங்க. ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் அப்பாவுக்குப் பதில் சொல்லோணும்."

அது புதன்கிழமை.

வியாழனன்று வின்ஸ்டன் மதன்குமாரைக் கெஞ்சினான். நாயகன் பனிமலையில் உட்கார்ந்து யோசிக்கும் இடத்தை மட்டும் ரிமோட்டில் தள்ளிவிட்டால் போதும், முடிவு உக்கடத்துக்கு முன்பே வந்துவிடும். மதன்குமார் அழுத்தினான். படம் முதலிலிருந்து தொடங்கியது. உக்கடத்தில் எல்லாரும் இறங்கும்போது நாயகன் மறுபடி லிஃப்ட்டுக்குக் காத்திருந்தான்.

"இந்தப் படத்துல மொதப் பாதி மட்டும் தேறும்னு நான் சொன்னேனில்லீங்க" என்றார் தம்பிதுரை.

வெள்ளிக்கிழமை காலை வின்ஸ்டன் அரங்கசாமியின் காதருகே குனிந்து, வண்டியைக் கொஞ்சம் மெதுவாக ஓட்டச் சொன்னான். கேட்டதை மறுத்துப் பழக்கமில்லாத மனிதர். மெதுவாகவே ஓட்டினார். பின்னால் வந்த பஸ் முந்திக்கொண்டு, வழியெல்லாம் நின்ற ஆட்களை அள்ளிக்கொண்டு போனது. ஏற்ற ஆளில்லாமல் ஏழு மணி பஸ் எங்கும் நிற்காமல், என்றைக்கும் இல்லாத சீக்கிரத்தில் உக்கடம் போய்ச் சேர்ந்தது. நாயகன் பனிமலையை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

சனிக்கிழமை வின்ஸ்டன் பொள்ளாச்சி நிலையத்தில் இறங்கித் தானே ஆள் கூப்பிட்டான். கூட்டம் ஏறினால் நிறுத்தமும் கூடும், நேரமும் ஆகும். "கோயமுத்தூர், கோயமுத்தூர், சீட் இருக்குதுங்க" என்று பொய்யும் சொன்னான். நம்பி ஏறியது ஒரு கல்யாணக் கூட்டம். வண்டி நின்று நின்று ஊர்ந்தது. கணக்கு இந்த முறை சரியாக வந்தது. மணிக்கூண்டுக் காட்சி வந்தபோது உக்கடத்துக்கு இன்னும் வழி மிச்சமிருந்தது. ஆனால் மாப்பிள்ளையின் மாமா ஒருவர் தோளில் வாழைத்தாருடன் டிவிக்கு நேர் எதிரே நின்றார்.

"ஏனுங்க, கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

"எங்கீங்க தள்றது? சீட் இருக்குதுன்னு சொன்னீங்களே, காட்டுங்க, உக்காந்துக்கறேன்."

பஸ் முழுக்க வின்ஸ்டனைத் திரும்பிப் பார்த்தது. ஷைலாவும்தான்.

"தாருக்குப் பின்னால அவ தொங்கிட்டு இருக்கறா. நீங்க என்ன பண்றீங்க?" என்று கேட்டாள்.

வின்ஸ்டன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் போய், டிரைவருக்குப் பக்கத்தில் பானெட் மேல் உட்கார்ந்தான்.

"அண்ணா, கேக்கக் கூடாதுதான். என்ற வாழ்க்கையே இதுல இருக்குதுங்க. கடைசில அவன் ஊரக் காப்பாத்தறானுங்களா, பொண்டாட்டியவா?"

தடுக்க வேண்டிய தம்பிதுரையே சீட்டின் நுனிக்கு வந்திருந்தார். ஷைலா மடியிலிருந்த பையை இறுகப் பிடித்தாள். வாழைத்தார்க்காரருக்கு ஒன்றும் புரியாவிட்டாலும் அவரும் காதைக் கொடுத்தார்.

அரங்கசாமி கியரை மாற்றினார்.

"அதத்தானுங்க தம்பி நானும் ரெண்டு மாசமா யோசிச்சுட்டு இருக்கறேன். டமால்னு ஒரு சத்தம் கேக்குது. பொறவு ஒரு பொம்பள அழுகறா, கூட்டம் கை தட்டுது. சந்தோசத்துல அழுகறாளா, துக்கத்துலயான்னு புடிபட மாட்டீங்குது."

"பாத்தாத் தெரியாதுங்களா?"

"எங்கீங்க பாக்கறது? டிவி எனக்குப் பின்னாலதானுங்களே இருக்குது."

உக்கடம் மேம்பாலம் தெரிய ஆரம்பித்தது. வாழைத்தாருக்கு அப்பாலிருந்து படபடவென்று இறக்கைச் சத்தம் கேட்டது.

அரங்கசாமியின் முகம் மலர்ந்தது.

"இதுதானுங்களே அந்த எடம்? ஏனுங்க தம்பி, இந்த ஸ்டீரிங்க ஒரு நிமிசம் புடிங்க. நான் திரும்பிப் பாத்துக்கறேன்."