தெருவுக்கே கேட்ட ஆறு எண்கள்

சங்கரன்கோவில்,
புரட்டாசி 22

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை ராஜதுரை அவர்களுக்கு, மாமனார் சங்கரசுப்பு எழுதிக்கொள்வது.

இங்கே கோமதியம்மன் தயவில் நானும் என் ஆறு தறிகளும் ஓடிக்கொண்டிருக்கிறோம். உங்கள் அத்தை பேச்சித்தாய், புளியங்குடியில் தங்கச்சி பேத்திக்குக் காதுகுத்து என்று போய் ஆறு நாளாகிறது. அங்கே அவளும் சுகம். ஓசூர்க் குளிரில் நீங்களும் மகள் மாரிசெல்வியும் சளி பிடிக்காமல் இருக்க வேண்டும் என்பது என் விருப்பம். போன் இருக்கும்போது இந்த மனுஷன் ஏன் ஸ்பீட் போஸ்ட் அனுப்புகிறார் என்று நினைப்பீர்கள். போனை அணைத்து அரிசி டிரம்முக்குள் போட்டு, மூடி, மூடிக்கு மேல் அம்மிக்குழவியையும் வைத்திருக்கிறேன். இனி எனக்கும் அதற்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

விஷயத்துக்கு வருகிறேன். வைகாசியில் கல்யாணம் முடிந்த கையோடு, “அவசரத்துக்கு வச்சுக்கோங்க மாமா” என்று உங்கள் கணக்கிலேயே எனக்கும் ஒரு கிரெடிட் கார்டு எடுத்து அனுப்பினீர்கள். நல்ல மனசு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பெண்ணைக் கொடுத்த இடத்தில் ஒரு டீக்குக்கூடக் கை நீட்டுவதில்லை என்று இருக்கிறவன் நான். கார்டு வந்த அன்றே உங்கள் அத்தை அதை அம்மன் படத்துக்கு முன்னால் வைத்து, புது வண்டிக்கு வைக்கிற மாதிரி நாலு மூலைக்கும், போதாததற்கு நடுவில் மின்னுகிற தகட்டுக்கும், மஞ்சள் குழைத்துத் தடவிவிட்டாள். ஒரே ஒரு தடவை, பெட்ரோலும் இல்லாமல் பையில் காசும் இல்லாமல் நின்றபோது பங்க்கில் நீட்டினேன். மிஷின் மாட்டவே மாட்டேன் என்றுவிட்டது. “அண்ணாச்சி, இது கார்டா, கல்யாணப் பத்திரிகையா?” என்று பங்க்கில் நின்ற பெண் கேட்டாள். கடைசியில் வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் வீடு வந்தேன். அன்றைக்கே கார்டைப் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை அம்மன் படத்துக்குப் பின்னால் ஆணியில் மாட்டினேன். ஆகவே உங்கள் பணத்தில் நான் வாங்கியது ஒரு சொட்டுப் பெட்ரோல்கூட இல்லை, இதை நன்றாக மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

போன வியாழக்கிழமை காலை பதினொரு மணி. தெருவில் அத்தனை வீட்டுத் தறியும் ஓடுகிறது. அந்தச் சத்தத்துக்குள் பேசிப் பேசி எங்கள் தெருவில் யாருக்குமே மெதுவாகப் பேச வராது. நிச்சயதார்த்தத்தன்று நான் உங்கள் அப்பா காதில் சொன்ன ரகசியம் மேளக்காரர் வரைக்கும் போனது உங்களுக்கே தெரியும். உங்கள் அத்தை தறிக்கூடத்து வாசலில் வந்து நின்று, என் சட்டைப்பையில் இருந்த போனைக் காட்டிக் கையை ஆட்டினாள். பார்த்தால் என் போனில் ஒரு எண் வந்திருக்கிறது. சிலிண்டருக்குச் சொல்லியிருந்தோம், கொண்டுவருகிறவரிடம் சொல்ல அவர்கள் ஒரு எண் அனுப்புவார்கள். இது அதுதான் என்று நானும் தொண்டை கிழிய, “ஏட்டி, ஏழு! ரெண்டு! ஒம்பது!” என்று கத்த, அந்த நேரம் பார்த்துக் கரண்டு போய்விட்டது. தெரு முழுக்கத் தறி நின்று ஒரு ஈ எறும்புச் சத்தம் இல்லை. என் வாய் மட்டும் நிற்கவில்லை. மிச்ச மூன்று எண்ணும் ரயில்வே ஸ்டேஷன் வரை கேட்டிருக்கும். எதிர்வீட்டுக் காளிராஜ் ஆறு எண்ணையும் ஒருமுறை உரக்கத் திருப்பிச் சொல்லி, “சரிதானே அண்ணாச்சி?” என்று சரிபார்க்கவும் செய்தான். நானும் சரி என்றேன் மாப்பிள்ளை, என் புத்தியை என்ன சொல்ல!

உங்கள் அத்தை பன்னிரண்டு மணி பஸ்ஸுக்குப் போய்விட்டாள். நான் தனியாகச் சாப்பிட்டுவிட்டுப் போனைப் பார்த்தால், உங்கள் கார்டில் இருபத்து மூவாயிரத்து நானூறு ரூபாய் செலவு என்று இருக்கிறது. வாயில் நுழையாத ஏதோ ஒரு கம்பெனிப் பெயர். நான் கத்தியது சிலிண்டர் எண் இல்லை, பேங்க் அனுப்பிய ஓடிபி! பீரோவுக்கு ஓடினேன். கார்டு வைத்த இடத்தில் மஞ்சளோடு அப்படியே இருக்கிறது. சாவியும் ஆணியில் இருக்கிறது. திருடன் வீட்டுக்குள்ளேயே வராமல் திருடியிருக்கிறான். அத்தையிடம் சொல்லவில்லை, சொன்னால் காதுகுத்து வீட்டில் குழந்தையைவிட அதிகமாக அழுவாள்.

பேங்க்குக்குப் போன் போட்டேன். இதை அழுத்து, அதை அழுத்து என்று அரைமணி நேரம் பாட்டுக் கேட்க வைத்த பிறகு, பிரேமலதா என்று ஒரு பெண் வந்தது.

“உங்க பிறந்த தேதி சொல்லுங்க சார்.”

“நீ மொதல்ல ஒன் பொறந்த தேதியச் சொல்லு தாயி.”

“நாங்க சரிபார்க்கணும் சார்.”

“நானும் அதுக்குத்தான் கேக்கேன். யாரு கேட்டாலும் எதையும் சொல்லாதன்னு தினமும் மெசேஜ் அனுப்புதது நீங்கதான?”

“நீங்கதான் பேசுறீங்கன்னு எங்களுக்குத் தெரியணும் சார்.”

“நான் இல்லாம வேற எவன் வந்து இம்புட்டு நேரம் ஒங்க பாட்டக் கேப்பான்?”

அந்தப் பெண்ணுக்கே சிரிப்பு வந்துவிட்டது. எப்படியோ கார்டை முடக்கினார்கள். அடுத்தது போலீஸ் ஸ்டேஷன். ஏட்டு இசக்கிராஜா நமக்குத் தெரிந்த பையன்தான். “ஓடிபிய யாருகிட்டயாவது சொன்னீயளா அண்ணாச்சி?” என்று கேட்டான். “யாருகிட்டயும் தனியாச் சொல்லல, தெருவுக்குத்தான் சொன்னேன்” என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டான். சிலிண்டர் எண் நாலு இலக்கம்தான், ஆறு வந்தபோதே நான் யோசித்திருக்க வேண்டும் என்று எனக்குப் பாடம் வேறு.

இதற்கிடையில் காளிராஜ் வீட்டில் ஒரு புது ஃபிரிட்ஜ் வந்து இறங்கியது. முப்பது வருஷப் பழக்கம். ஆனாலும் எண்ணைத் திருப்பிச் சொன்ன வாய் அதுதானே. தெருவில் நிறுத்தி வைத்துக் கேட்டேன். அவன் கோபப்பட்டிருந்தால்கூட எனக்குச் சந்தேகம் போயிருக்கும். சிரிக்கிறான்! “நாலு நாள் பொறுங்க அண்ணாச்சி, தீபாவளிக்குள்ள ஒங்களுக்கே தெரியும்” என்கிறான். என்ன திமிர் பாருங்கள். இனி அவன் வீட்டு வாசலை மிதிப்பதில்லை என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டு வந்தேன்.

இதெல்லாம்கூடப் போகட்டும். முந்தாநாள் மாரிசெல்வி போனில், “அப்பா, மாமா ஏதும் பெருசா வாங்குனாகளான்னு இவுக கேட்டாக. சும்மாதான் கேட்டாக” என்றாள். அந்த ‘சும்மா’தான் மாப்பிள்ளை என்னைப் போட்டு அறுக்கிறது. அதைக் கேட்டுவிட்டுத்தான் போனை அரிசிக்குள் போட்டேன். கல்யாணமாகி ஆறு மாதம் ஆகவில்லை. தலைதீபாவளிக்கு நீங்கள் வந்து இறங்கும்போது உங்கள் முகத்தை நான் நேராகப் பார்க்க வேண்டும். உங்கள் காசு என் வீட்டுக்குள் ஒரு பைசாகூட வரவில்லை. இது கோமதியம்மன் மேல் சத்தியம். இத்துடன் உள்ள பேங்க் தாளில் ‘இந்தச் செலவு நாங்கள் செய்ததில்லை’ என்று இருக்கிறது. நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன், நீங்களும் போட்டுப் பேங்க்கில் கொடுக்கவும்.

மகளைக் கேட்டதாகச் சொல்லவும். அம்மன் கண் உங்கள் இருவர் மேலும் இருக்கட்டும், கள்ளன் கண் படாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு டீகூடக் குடிக்காத உங்கள் மாமா,
சங்கரசுப்பு

பின்குறிப்பு: ஒட்டிய உறையைக் கிழித்து எழுதுகிறேன். தாளில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். உங்கள் அத்தை இப்போதுதான் புளியங்குடியிலிருந்து வந்து இறங்கினாள். நேராக எதிர்வீட்டுக்குப் போய் ஒரு பார்சலை வாங்கிக்கொண்டு வந்தாள். உள்ளே ஒரு கைக்கடிகாரம், உங்களுக்குத் தலைதீபாவளிச் சீர். பீரோவிலிருந்த கார்டை எடுத்துப்போய், காளிராஜ் மகள் சண்முகப்ரியாவை வைத்து ஆர்டர் போட்டுவிட்டு, திரும்ப அதே இடத்தில் வைத்திருக்கிறாள். அன்றைக்குக் கையை ஆட்டியது அதற்குத்தான். “மாப்பிள்ள அவசரத்துக்குன்னுதான தந்தாக, தீபாவளி அவசரம் இல்லையா?” என்று என்னையே கேட்கிறாள். பேங்க்கில் பிறகு காசு கேட்பார்கள் என்றால் நம்பவில்லை; கார்டில் பணம் ஏற்கெனவே இருக்கிறதாம். விஷயம் தெரிந்தும், சொல்ல வேண்டாம் என்று அவள் கேட்டுக்கொண்ட ஒரே காரணத்துக்காகத் தெருவில் நின்று என்னிடம் ஏச்சு வாங்கிக்கொண்டவன் காளிராஜ். இப்போது அவன் வீட்டுக்குத்தான் கிளம்புகிறேன், எந்த முகத்தை வைத்துக்கொண்டு என்று தெரியவில்லை. ஒரு வேண்டுகோள். தீபாவளியன்று தட்டில் வெற்றிலை பாக்குக்கு அடியில் ஒரு கவர் இருக்கும். பார்க்கிறவர்கள் சீர்ப்பணம் என்று நினைக்கட்டும், நீங்களும் அப்படியே சிரித்துக்கொண்டு வாங்கிக்கொள்ளுங்கள். அறைக்குள் போனதும் கதவைச் சாத்திவிட்டு எண்ணிப் பாருங்கள். இருபத்து மூவாயிரத்து நானூறு சரியாக இருக்கும்.