ஊட்டப்படாமைச் சான்றிதழ்

உலகம் தோன்றிய நாளிலிருந்து மனிதகுலம் கண்டுபிடித்த நீதிகளில் தலையாயது எது என்று கேட்டால், கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்: 'தின்றவனே பொறுப்பு.' நெருப்பு, சக்கரம் எல்லாம் அதற்குப் பிறகுதான். அந்த மகத்தான நீதிக்குப் பத்துக்குப் பத்தில் ஓர் அறையும், ஒரு மேசையும், இரண்டு நாற்காலியும், ஒரு ரப்பர் முத்திரையும் ஒதுக்கிக் கொடுத்த பெருமை, நானூறு கிளைகள் கொண்ட ஒரு துரித உணவுக் கம்பெனியைச் சேரும்.

அறை வாசலில் 'தனிமனிதப் பொறுப்புப் பிரிவு' என்று பலகை தொங்கும். உள்ளே இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருந்தவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அலுவலகத்தில் அது எல்லோருக்கும் மறந்துபோய்விட்டது. "பொறுப்பு வந்தாச்சா?", "பொறுப்புக்கு இன்னைக்கு லீவா?" என்றுதான் பேச்சு. அவரும் அதை அரசாங்கப் பட்டம் போல நெஞ்சில் குத்திக்கொண்டார்.

அவருடைய வாழ்நாள் சாதனை ஏழாம் நம்பர் படிவம். முழுப்பெயர் 'ஊட்டப்படாமைச் சான்றிதழ்.' உங்கள் பர்கரைத் தின்று எனக்கு நோய் வந்துவிட்டது என்று எவராவது மூச்சிரைக்க வந்தால், பொறுப்பு அவரோடு வாக்குவாதம் செய்யமாட்டார். எல்லாக் கிளைகளிலும் மேசைக்கு மேலே ஒரு கேமரா உண்டு. அதில் பதிவானதைப் போட்டுக் காட்டுவார், அவ்வளவுதான்.

ஒருநாள் ஒரு லாரி டிரைவர் வந்தார். இரண்டு காலும் தலையணை மாதிரி வீங்கியிருந்தன.

"உக்காருங்க. என்ன விஷயம்?"

"உப்பு, சர்க்கரை, கொழுப்பு மூணும் ஏறிக் கிடக்குன்னு டாக்டர் சொல்றார் சார். எங்க சாப்பிடுறேன்னு கேட்டார். உங்க கடை பேரைச் சொன்னேன். அதுக்கு மேல அவர் ஒண்ணுமே கேக்கல."

பொறுப்பு கணினித் திரையை அவர் பக்கம் திருப்பினார். "இது யாரோட கை?"

"என் கைதான்."

"அவசரப்படாம நல்லா பாத்துச் சொல்லுங்க."

"பச்சை குத்தியிருக்கே சார், என் சம்சாரம் பேரு. என் கையேதான்."

"பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா? உங்க தாடையைப் பிடிச்சுத் திணிக்கிறாங்களா?"

"இல்ல சார். ஆனா அந்த ரோட்டுல முந்நூறு கிலோமீட்டருக்கு வேற கடையே கிடையாதே. இருந்த நாலு கடையையும் நீங்கதானே வாங்கி மூடினீங்க?"

"அது ஆறாம் நம்பர் படிவம். அதுக்கு மூணாவது மாடி போகணும். நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான். ஊட்டிவிட்டது யாரு?"

டிரைவர் யோசித்துப் பார்த்தார். "யாரும் ஊட்டல சார்."

"இங்க ஒரு கையெழுத்து."

போகும்போது, மனம் புண்படக் கூடாதே என்று, பெரிய பொட்டலம் உருளைக்கிழங்கு வறுவலுக்கு ஓர் இலவசச் சீட்டும் கொடுத்தார். கோலாவுக்குச் சீட்டு கிடையாது. 'உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிப்பான்' என்று சுவரிலேயே சட்டம் போட்டு மாட்டியிருந்தது. மற்றவர்களுக்கு அது பழமொழி. கம்பெனிக்கு அது வியாபாரத் திட்டம்.

இப்படி ஒன்பதாயிரத்துச் சொச்சம் பேர் தங்கள் கையைத் தாங்களே அடையாளம் கண்டு நிம்மதியாக வீடு திரும்பினார்கள். ஒருவர்கூட அப்பீலுக்குப் போகவில்லை. சிலரால் போக முடியவில்லை என்பது வேறு விஷயம்.

பொறுப்பின் உத்தியோகத்தில் இன்னொரு கௌரவமும் இருந்தது. புதிதாக எந்தப் பண்டம் வந்தாலும் மத்தியானக் கூட்டத்தில் முதலில் அவர்தான் தின்ன வேண்டும். 'நானும் தினமும் இதைத்தான் சாப்பிடுகிறேன்' என்று புகார்க்காரர்களிடம் நெஞ்சைத் தட்டிச் சொல்ல ஆள் வேண்டுமல்லவா? வீட்டிலிருந்து டிபன் பாக்ஸ் கொண்டுவரவும் தடை. வீட்டுச் சாப்பாட்டின் வாசனை 'நிறுவனத்தின் கௌரவத்துக்கு ஊறு விளைவிக்கும்' என்று சுற்றறிக்கை. எம்.டி.க்கு மட்டும் வேகவைத்த காய்கறி பின்படிக்கட்டு வழியாக வந்து சேரும். வேகவைத்த காய்க்கு வாசனை இல்லை என்பதால் சுற்றறிக்கை அதைக் கட்டுப்படுத்தாது. இந்த விளக்கத்தை எழுதியவரும் பொறுப்புதான்.

ஒரு திங்கட்கிழமை, மூன்றடுக்குச் சீஸ் பர்கரைச் சுவைத்து 'திருப்தி' என்று எழுதிவிட்டு மாடிப்படி ஏறியவர், ஏழாவது படியில் உட்கார்ந்துவிட்டார். நெஞ்சில் யாரோ நானூற்று ஒன்றாவது கிளையைத் திறந்த மாதிரி இருந்தது.

"மூணு இடத்துல அடைப்பு. சீக்கிரம் ஆபரேஷன் பண்ணணும்" என்றார் டாக்டர். "என்னய்யா சாப்பிடுறீங்க?"

பொறுப்பு கம்பெனியின் பெயரைச் சொன்னார். டாக்டர் அதற்கு மேல் ஒன்றுமே கேட்கவில்லை.

கம்பெனி விதிப்படி, வேலையால் வந்த நோய் என்றால் ஆபரேஷன் கம்பெனிச் செலவு. சொந்தக் கோளாறு என்றால் குடியிருக்கும் வீட்டை விற்க வேண்டியதுதான். போதாக்குறைக்கு, பொறுப்புப் பிரிவின் தலைவரே பொறுப்பில்லாமல் நெஞ்சடைப்பு வரவழைத்துக்கொண்டார் என்று உத்தியோகமும் போகும். பொறுப்பு வீட்டில் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். ஏழாம் நம்பர் படிவத்தில் எறும்பு நுழையக்கூட வழி இல்லை என்பது அவரைவிட யாருக்குத் தெரியும்?

அவர் மனைவி கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த போட்டோவை எதேச்சையாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். நானூறாவது கிளைத் திறப்பு விழாப் படம். துடைத்த துணி பாதியில் நின்றது.

"ஏங்க, இங்க வாங்க. இதுல இருக்கிறது யாரோட கை?"

பொறுப்பு எழுந்து வந்து பார்த்தார். பச்சைக்கல் மோதிரம் போட்ட கை. அந்தக் கையில் இரட்டை பர்கர். அதற்கு நேர் எதிரே, கண்ணை மூடி, குகை மாதிரி வாயைத் திறந்துகொண்டு அவர்.

"எம்.டி. கை" என்றார்.

"அப்ப ஊட்டினது யாரு? ஊர்க்காரங்ககிட்ட எல்லாம் கையெழுத்து வாங்கினீங்களே, உங்களுக்குன்னு வந்தா வாய் ஊமையாயிடுமா? போட்டோவைக் கழட்டுங்க. நாளைக்கு அதை மேசை மேல வையுங்க. இந்த வீட்டை நான் விக்க விடமாட்டேன்."

அந்த ஆண்டின் மகத்தான விசாரணை புதன்கிழமை காலை பதினோரு மணிக்குத் தொடங்கியது. பொறுப்பின் நாற்காலியில் அவருடைய உதவியாளர் அம்மாள் சங்கடத்தோடு உட்கார்ந்திருந்தார். எதிர் நாற்காலியில் பொறுப்பு. அந்தப் பக்கத்து நாற்காலிக்கு ஒரு கால் குட்டை என்பது இருபத்திரண்டு வருடத்தில் அவருக்கு அன்றுதான் தெரிந்தது. எம்.டி. அன்றைக்கென்று கொண்டுவந்து போட்ட சோபாவில் கால் மேல் கால் போட்டிருந்தார்; வாசலில் அலுவலகமே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"சார், தப்பா நினைக்காதீங்க, நீங்க சொல்லிக் குடுத்ததுதான்" என்று தொடங்கினார் உதவியாளர். "ஊட்டிவிட்டது யாரு?"

பொறுப்பு போட்டோவை மேசைமேல் வைத்தார். "இது யாரோட கைன்னு நீங்கதான் சொல்லணும்."

அறையில் இருந்த எல்லாக் கண்களும் மெதுவாக நகர்ந்து பச்சைக்கல் மோதிரத்தில் போய் நின்றன. எம்.டி. கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார்.

"ஒரு வாய்தானே சார்?" என்றார் உதவியாளர்.

"எத்தனை வாய்னு படிவத்துல கணக்கு இல்லம்மா. ஒரு தடவை ஊட்டினாலும் ஊட்டினதுதான். வரிகூட என்னுது."

கம்பெனியின் சரித்திரத்தில் முதன்முறையாக ஒரு மனிதர் ஜெயித்து உட்கார்ந்திருந்தார். ஜன்னலுக்கு வெளியே வீடு விற்காமல் நிற்பது அவர் கண்ணுக்குத் தெரிந்தது.

எம்.டி. எழுந்து வந்து அவர் தோளில் கை வைத்தார். குரலில் தேன் ஒழுகியது. "ஒத்துக்கிறேன், நீங்க சொல்றதுதான் சரி. எனக்கு இப்ப கவலை உங்களைப் பத்தி இல்ல, படிவத்தைப் பத்தி. இவ்வளவு பெரிய ஓட்டை! நாளைக்கே வேற எவனாவது இதே மாதிரி போட்டோவோட வந்தா, நீங்க எழுதின ஏழாம் நம்பரைப் பார்த்து நாடே சிரிக்குமே. இதை அடைக்க ஆளே இல்லையா?"

ஓட்டை! பொறுப்பின் முகம் சிவந்தது. மூன்று அடைப்பும் செய்யாத வேலையை அந்த ஒரு சொல் செய்தது.

"யார் சொன்னது ஆள் இல்லைன்னு?" என்று நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "கை யாரோடதா இருந்தா என்ன சார்? வாயைத் திறந்தது யாரு?"

உடனே கைத்தட்டல். எம்.டி.யே இரண்டு கையையும் வெளியே எடுத்துத் தட்டினார். உதவியாளர் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்த வாக்கியத்தை அவருடைய படிவத்திலேயே 'ஏழு ஆ' என்று எழுதினார். பொறுப்பு அதை வாங்கி, ஒரு காற்புள்ளி சேர்த்தார். பெருமையோடு கையெழுத்திட்டார். கீழே 'மனுதாரர்' என்று இருப்பதை அதற்குப் பிறகுதான் பார்த்தார்.

வீட்டில் மனைவி கேட்டாள், "என்னாச்சு?"

"எல்லாரும் கை தட்டினாங்க."

"வீடு?"

அவர் போட்டோவைத் திரும்ப ஆணியில் மாட்டினார். அவள் அதைக் கழற்றிச் சுவரைப் பார்க்கத் திருப்பி மாட்டினாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பதைச் சொல்லிக் காட்ட வேண்டிய நிலையில் அவர் இல்லை.

வீடு ஒரு மாதத்தில் விலைபோனது. அதற்குள் கம்பெனியும் சும்மா இருக்கவில்லை. 'ஏழு ஆ' வந்தபின் ஊட்டிவிடுவதில் ஆபத்தே இல்லை என்று ஆகிவிட்டதல்லவா? 'அன்புக்கை திட்டம்' என்று ஒன்றைத் தொடங்கி, நானூறு கிளையிலும் சீருடைப் பெண்கள் வாடிக்கையாளர்களுக்கு ஊட்டியே விட ஆரம்பித்தார்கள்.

ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்திலும் ஒரு கிளை இருந்தது. ஆபரேஷனுக்காகப் பொறுப்பை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகும் வழியில் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். தட்டோடு ஒரு பெண் ஓடிவந்தாள்.

"சார், நீங்கதானே ஏழு ஆ? பயிற்சியில உங்க படத்தைக் காட்டினாங்க! ஒரே ஒரு வாய், சார். ஆ சொல்லுங்க!"

பொறுப்பு இரண்டு கையாலும் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டார். இருபத்திரண்டு வருடச் சேவையில் அவர் பொறுப்போடு நடந்துகொண்டது அந்த ஒரு நொடிதான்.

மேலே கேமரா ஓடிக்கொண்டிருந்தது. மறுநாளிலிருந்து எல்லாப் புகார்க்காரர்களுக்கும் அந்தக் காட்சியைத்தான் போட்டுக் காட்டுகிறார்கள்: "பாருங்க, மனசு வெச்சா வாயை மூட முடியுது. உங்களுக்கு என்ன கேடு?" எல்லோரும் தலைகுனிந்து கையெழுத்துப் போடுகிறார்கள்.

தின்றவனே பொறுப்பு. சந்தேகமே இல்லை. அந்த மனிதரின் இருபத்திரண்டு வருடத்தையும், ஒரு வீட்டையும், கடைசியாக அந்த ஒரு நொடியையும் தின்றது யார் என்று கேட்கும் படிவம் மட்டும் இன்னும் அச்சாகவில்லை.